பவானி பொறுக்கிக் கொடுத்த பாட்டு

அத்தியாயம் 17

காலை எட்டு மணிக்கே திருமுருகன் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். போட்டி பதினோரு மணிக்கு. கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு அவசரப்பட மாட்டான்.

"இன்னாமே, அந்த மழைப் பாட்டு சோக்காத்தானே கீது? அத்த ஏன் வேணாம்ன்றே?"

பவானி தையல் மெஷினை விட்டு எழுந்தாள். ஃபேனை நிறுத்தினாள். அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"அது புல்லாங்குழல்ல ஆரம்பிக்குதுய்யா. உனக்கு வேணாம்."

"அக்காங்" என்று தலையை ஆட்டிவிட்டு அவர் மீசையைச் சீவப் போய்விட்டார்.

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கால் வைக்கிறவர்கள் கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். திருமுருகன் இருபத்து நாலு வருஷமாக விசைப்படகு டிரைவர். டிரைவர் என்றால் படகை ஓட்டுகிறவர் இல்லை, இன்ஜினையும் வலை இழுக்கிற வின்ச்சையும் பார்த்துக்கொள்கிறவர். அந்த இன்ஜின் பக்கத்தில் இருபத்து நாலு வருஷம் உட்கார்ந்தால் காது என்ன ஆகும்? ஆக வேண்டியது ஆகிவிட்டது. பங்குனியில் பவானி நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ரெண்டு காதும் போய்க்கொண்டிருக்கிறது, கீச்சுச் சத்தம் எதுவும் கேட்காது, மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "காதுல மெஷின் வச்சவன எவன்மே போட்டுல ஏத்துவான்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பேச்சையே அவர் மூடிவிட்டார்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதையைப் பதினாறு வாரம் நான் எழுதியிருக்க மாட்டேன்.

மாசி மாதம் பவானியின் தம்பி வெற்றி, அதே படகில், வின்ச் கயிற்றில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரலை இழந்தான். "நிப்பாட்டு நிப்பாட்டுன்னு நாலு தபா கத்துனேன்" என்றான். மற்றவர்கள் எல்லாரும் பின்பக்கம் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டடி தூரத்தில் இருந்தவர் திருமுருகன் ஒருவர்தான். அவர் "அவன் கத்தவே இல்ல" என்றார். மனதறிந்து பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. முந்தின நாள் ஒரு காதுகுத்தில் வெற்றி இரண்டு கிளாஸ் குடித்ததை ஊரே பார்த்திருந்தது. அப்புறம் கேட்பானேன்? போதையில் கையை விட்டான் என்று காசிமேடு முழுக்கப் பேச்சு. மகிமாவுக்கும் அவனுக்கும் நிச்சயம் குறித்திருந்த நாளை அவள் அப்பா ரத்து செய்துவிட்டார். குடிகாரனுக்குப் பெண் கொடுக்க மாட்டாராம்.

ஆஸ்பத்திரிச் சீட்டு கைக்கு வந்த நிமிஷமே பவானிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புருஷனிடம் சொன்னாளா? இல்லை. தம்பியிடம்? மூச்சு விடவில்லை. கூடப் பிறந்தவனை ஊர் குடிகாரன் என்றபோது, அவள் குனிந்து பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அந்த வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்கிறது. நன்றாகத் தின்னட்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்கிறது. வலை பழுது பார்க்கிற இடத்தில், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று திருமுருகனை முதலில் கிண்டல் செய்தார்கள், அப்புறம் சந்தேகப்பட்டார்கள். பேச்சு படகு முதலாளி கோதண்டத்துக்குப் போனது. போன வாரம் அவர் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னா திருமுருகா, காது அவுட்டுன்றானுங்களே?"

சும்மா இருந்திருக்கலாம். மீசை சும்மா இருக்க விடுமா?

"செவிடன் எங்கனா பாடுவானா மொதலாளி? ஞாயித்துக்கெழம மண்டபத்துல கரோக்கி போட்டி கீது. வந்து குந்திப் பாரு. தொண்ணூறு மார்க்குக்கு ஒண்ணு கொறஞ்சாலும் நான் உன் போட்டுல ஏறல."

தடைக்காலம் முடிய இன்னும் ஆறு நாள். கோதண்டத்தின் படகில் டிரைவர் யார் என்பதை இன்றைக்கு ஒரு பாட்டு மெஷின் சொல்லப்போகிறது.

இந்தக் கரோக்கிப் பைத்தியம் கஸ்பாரால் வந்தது. அந்தக் காலத்தில் கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதிய மனுஷர். இப்போது ஒரு அச்சுக்கூடத்தின் மாடியில் கரோக்கி சென்டர் வைத்திருக்கிறார். திரையில் பாட்டு வரி ஓடும், பாடி முடித்தால் மெஷின் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். தடைக்காலத்தில் பொழுது போகாத ஆண்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான், திருமுருகனும்தான். மார்க் குறைந்தால் சண்டை வேறு.

"ஆம்பளைங்க பண்ற தப்பு ஒண்ணே ஒண்ணுதான் பவானி" என்று அவர் சித்திரையில், புருஷன் காது அங்கே அம்பலமாகாமல் இருக்கப் பாட்டுத் தேடிய அவளுக்குப் பாடம் எடுத்தார். "மேல ஏறுற பாட்டா பாத்து எடுப்பானுங்க. பாத்ரூம்ல எல்லாருக்கும் ஏறும், மைக்குல ஏறாது. வேகமான பாட்டு வேணாம், மூச்சு வாங்குனா வார்த்தைய முழுங்கிடுவான். டூயட்டு வேணவே வேணாம். பாதி நேரம் பஸ்ஸுக்கு நிக்கிறவனாட்டம் நின்னுகினு இருக்கணும்."

"அப்போ இன்னாதான் எடுக்கறது?"

"காதல்ல தோத்தவன் பாட்டு எடு. தோத்தவன் மெதுவாத்தான் பாடுவான், கீழயேதான் பாடுவான். ரெண்டு கட்டை எறக்கி வச்சிக்கோ. ஆனா அழக்கூடாது, கொரலு ஆடிச்சுன்னா மார்க்கு பூடும். சங்கதி கிங்கதி போட்டாலும் பூடும். ஜனம் கை தட்டும், மெஷினு கட் பண்ணும். அதுக்கு ரசனைலாம் கெடையாது. சொன்ன எடத்துல சொன்ன சுருதில வார்த்த வந்துச்சா, அவ்ளோதான் பாக்கும்."

ரசனை இல்லாத அந்த மெஷின்தான் பவானிக்கு வசதியாகப் போயிற்று. கஸ்பார் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். புல்லாங்குழலில், வயலினில், பெண் குரலில் ஆரம்பிக்கிற பாட்டு எதுவும் கூடாது. தபேலாவோ டிரம்மோ அதிர்ந்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நடுவில் வருகிற இசை, விரல் விட்டு எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்கிறீர்களா? மத்தியானத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்குமேல் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துப் பாட்டுப் போடுவாள். அந்த நிலையில் எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தால் அந்தப் பாட்டு பாஸ். நாற்பது பாட்டில் ஒன்பது தேறியது. அந்த ஒன்பதைத் திருமுருகன் நாற்பது நாள் பாடினார். தொண்ணூறுக்குக் கீழே வந்ததே இல்லை.

ஒரு நாள் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது மகள் வினிதா காலேஜிலிருந்து சீக்கிரம் வந்து, பின்னால் நின்று நாலு தடவை "யம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாள். பவானிக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டது. இதுதானே அன்றைக்கும் நடந்தது என்று நினைத்தவள், பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதாள். மறுநாள் மத்தியானம் மறுபடியும் பஞ்சை எடுத்தாள். அவர் படகில் ஏறாவிட்டால் வினிதாவின் படிப்பு நிற்கும், அடுப்பு அணையும், எல்லாவற்றுக்கும் மேலே அந்த மீசை தொங்கிவிடும். வின்ச் பக்கத்தில் நாளைக்கு எந்த வீட்டுப் பிள்ளை நிற்கப்போகிறான் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

பத்தரை மணிக்கு மண்டபத்தில் நுழைந்தபோது மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் வெற்றி.

பவானி இதை எதிர்பார்க்கவில்லை. ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், தடைக்காலத்தில் அதுவும் இல்லாமல், கஸ்பாருக்குக் கையாளாகச் சேர்ந்திருக்கிறான். மூன்று விரல் கையால் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கீழே இறங்கி வந்தான்.

"இன்னாக்கா, மாமா பாட்டுச் சீட்ட என்கிட்டதான் குடுக்கணும். கஸ்பாரண்ணன் சொல்லிக்கீறாரு."

பவானி சீட்டை நீட்டினாள். அவன் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க முயன்றாள். முகத்தையும் பார்க்க முடியவில்லை. கடைசியில் அவன் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு பாட்டு எழுதிக்கீறே. மூணும் தபேலா அடிச்சிட்டு ஆரம்பிக்கிற பாட்டு."

"அவருக்கு அதான் புடிக்கும்டா."

"மாமாக்கு மின்ன புல்லாங்குழல்னா உசுராச்சே."

வெற்றி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அத்த வுடு. தோ, மூணாவது வரிசைல மகிமாவோட நைனா. என்னப் பாத்துட்டு சேர மாத்திப் போட்டுகினு குந்திக்கீறாரு. மொகத்துல முழிக்கக்கூடாதாம்." சிரித்தான். சிரிப்பு நன்றாக இல்லை. "குடிகாரன் மூஞ்சி."

சொல்லிவிட வேண்டியதுதான், இங்கேயே, இப்போதே, என்று பவானிக்கு நெஞ்சு வரை வந்தது. அதற்குள் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கோதண்டம் வாசலில் இறங்கினார். முன்வரிசை நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நெஞ்சு வரை வந்தது மறுபடி உள்ளே போய்விட்டது.

போட்டி ஆரம்பித்தது. முதலில் ஏறிய வாலிபன் கஸ்பார் வேண்டாம் என்ற பாட்டைத்தான் எடுத்தான். மேலே ஏறி, ஏறின இடத்தில் மாட்டிக்கொண்டு, இறங்க வழி தெரியாமல் கத்தினான். ஐம்பத்தெட்டு. கூட்டம் ஓ போட்டது. அடுத்து வந்த லாரி ஆபீஸ் குமாஸ்தா உருகி உருகிப் பாடி, நடுவில் நிஜமாகவே அழுதுவிட்டார். எழுபத்தொன்று. "அழக்கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று கஸ்பார் மைக்கிலேயே திட்டினார்.

கடைசியாகத் திருமுருகன் ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஜனங்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். வெறுங்காலாக நின்றால்தான் தும் தும் என்று இடிக்கிற பாஸ் ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வு பலகை வழியாக உள்ளங்காலுக்கு ஏறும். பவானி சொல்லிக்கொடுத்த வித்தை அது.

தபேலா எட்டு அடி. ஒன்பதாவதில் அவர் வாயைத் திறந்தார். கண் திரையை விட்டு அசையவில்லை. நல்ல கனத்த குரல் அவருக்கு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பல்லவி முடிந்தபோதே முன்வரிசையில் கோதண்டம் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். மேடை ஓரத்தில் வினிதா செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பவானி புருஷனைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவள் கண்ணில் மட்டும் அது பட்டது. முதல் சரணம் தொடங்குகிற சமயத்தில், அவன் குனிந்து, மேலே இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினான்.

இசை நின்றது. வீணை, வயலின், தபேலா எல்லாம் போய், தனி ஒயரில் ஓடுகிற பாஸ் பெட்டி மட்டும் தும், தும் என்று இடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் "ஏய்ய்" என்றது. கஸ்பார் "ஒயரு, ஒயரு" என்று ஓடி வந்தார்.

திருமுருகன் பாடிக்கொண்டே இருந்தார்.

வெற்றி எழுந்து நின்றான். அவருக்கு நேர் பின்னால், எட்டடி இருக்கும்.

"நிப்பாட்டு மாமா!"

அவர் அடுத்த வரிக்குப் போனார்.

"மாமா, நிப்பாட்டு!" இரண்டாவது தடவை இன்னும் சத்தமாக. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை கத்தியபோது அவன் குரல் உடைந்துவிட்டது. நாலாவது தடவை அவன் கத்தியதைக் கேட்டுப் பவானி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மாசி மாதம் நடுக்கடலில் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

திருமுருகன் ஒரு வார்த்தை பிசகவில்லை. கண்ணைத் திரையிலும் காலைப் பலகையிலும் வைத்துக்கொண்டு, இசையே இல்லாமல் ஒரு சரணம் முழுக்கப் பாடினார். கஸ்பார் ஒயரைச் செருகியதும் இசை திரும்ப வந்தது. அது வந்து சேர்ந்த இடத்தில் அவர் சரியாக நின்றுகொண்டிருந்தார்.

மண்டபம் எழுந்து நின்றது. விசில், கைதட்டல். நாற்காலிமேல் ஏறியவர்கள் எத்தனை பேர்! திரையில் தொண்ணூற்று மூன்று என்று விழுந்தது.

கோதண்டம் மேடைக்கே ஏறி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "மூசிக்கே இல்லாம சுருதி வுடாம பாடறான்யா! இவனப் போயி செவிடுன்னு சொன்ன நாயிங்க எங்க? நாலு மணிக்கு நானே இவன் வூட்டுக்குப் போயி சால்வ போட்டு, டிரைவர் சாவிய குடுக்கறேன். இன்னான்றீங்க?"

மறுபடி கைதட்டல். பக்கத்து நாற்காலிக்காரி பவானியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "குடுத்து வச்சவக்கா நீ." பவானிக்கு அங்கேயே தரை பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. தட்டுகிற ஒவ்வொரு கையும் தன் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது.

வெற்றி கை தட்டவில்லை. ஒயரைக் கீழே போட்டான். அக்காவை ஒரு தடவை பார்த்தான். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

மூன்று மணிக்கு வீட்டில் பரிசுக் குக்கரை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு திருமுருகன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வந்து வாழ்த்தியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வினிதாவின் வீடியோ தெரு வாட்ஸ்அப் குழு ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. 'மியூசிக் நின்னாலும் எங்க நைனா நிக்க மாட்டாரு' என்று மேலே எழுதிப் போட்டிருந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதற்குமேல் அவளிடம் யாரும் எதையும் சொன்னதில்லை.

"குடு கண்ணு, நானும் பாக்கறேன்" என்று போனை வாங்கினார்.

முதல் தடவை தன் மீசையைப் பார்த்தார். இரண்டாம் தடவை தான் நிற்கிற தோரணையைப் பார்த்தார். மூன்றாம் தடவை பார்க்கும்போது புருவம் சுருங்கியது.

"இவன் இன்னாத்துக்கு எனக்குப் பின்னால நின்னுகினு வாயத் தொறக்கறான்?"

பவானி அவர் முன்னால் வந்து நின்றாள். மூன்று மாதமாக ஊர் பேசுவதை அவருக்கு எடுத்துச் சொல்கிறவள் அவள்தான். சொல்லும்போது வேண்டாததை விட்டு, வேண்டியதைச் சேர்த்துப் பழகிவிட்டது.

"ஒயரு பூடுச்சுன்னு சொல்றான்யா."

அவர் அவள் வாயைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். மூன்று மாதமாக வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற மனுஷரை ஏமாற்ற முடியுமா?

"இல்லமே. நிப்பாட்டுன்றான்."

வீடியோவைத் தள்ளித் தள்ளி மறுபடி போட்டார். ஒவ்வொரு தடவை வெற்றியின் வாய் திறக்கும்போதும் ஒரு விரலை மடித்தார். நாலு விரல் மடிந்தது.

"எனக்குக் கேக்கல" என்றார். பவானியிடம் சொல்லவில்லை, சும்மா சொன்னார். மடித்த விரல்களைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கும் நாலு தபான்னுதான் சொன்னான்" என்றார்.

வினிதா அம்மாவைப் பார்த்தாள். பவானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிமிந்து என்னப் பாத்துச் சொல்லு. உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு வந்ததுலேர்ந்து."

"தெரிஞ்சிகினேவா எனக்குப் பாட்டு பொறுக்கிக் குடுத்தே?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு அவளும் கத்தியிருப்பாள். உனக்காகத்தான் செய்தேன் என்று ஆயிரம் தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் நாக்கில் வரவே இல்லை. அவர் போனைத் தரையில் வைத்தார், சுவர்ப் பக்கம் திரும்பினார், நெற்றியைச் சுவரில் முட்டி உட்கார்ந்துவிட்டார்.

பவானி தோளைத் தொட்டாள். தட்டிவிட்டார். முன்னால் போய் உட்காரப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வாசலில் வெற்றி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"ஒயர நான்தான்க்கா புடுங்குனேன்."

"பாத்தேன்."

"பாத்தியா? பாத்துமா கம்முனு குந்திகினு இருந்தே?" என்று கேட்டவன், அவளுடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அந்தச் சீட்டப் படிக்க சொல்லவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. மாமா காது அவுட்டுன்னு ஊரு பேசறது மெய்யான்னு பாத்தேன். நானே தப்பா சொல்றேனோ, போதையில கத்தாமதான் வுட்டுட்டேனோன்னு நாலு மாசமா எனக்கே டவுட்டுக்கா."

இதைக் கேட்டுப் பவானிக்கு வந்த அழுகையை என்ன சொல்ல. ஊர் நம்பாதது இருக்கட்டும், அவனே அவனை நம்பாமல் போகும்படி செய்திருக்கிறாள்.

"போன வெரலு போச்சு. மாமா போட்டுல ஏறட்டும், ஏறாம இருக்கட்டும், அது அவரு இஷ்டம். மகிமா நைனாகிட்ட வந்து ஒரே வார்த்த சொல்லணும். அவன் கத்துனான், எனக்குத்தான் கேக்கலன்னு. அவ்ளோதான் எனக்கு வேணும். சொல்லு அவராண்ட."

"திரும்ப மாட்டேன்றாரேடா. மூஞ்சியப் பாத்தாதானே அவருக்கு வெளங்கும்?"

"அப்போ காதுல வுழற மாதிரி சொல்லு."

பவானி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழே சந்தில் புல்லட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "இன்னா அண்ணி, வூட்டுக்காரரு மேல கீறாரா?" என்று குழாயடியில் யாரையோ கேட்கிற கோதண்டத்தின் குரல். சால்வையோடு வந்துவிட்டார்.

புருஷனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் சந்துக்கே கேட்கும். கோதண்டத்துக்கும் கேட்கும். அப்புறம் படகு ஏது, சாவி ஏது?

"கொஞ்சம் இருடா" என்றாள் மெதுவாக. "மொதலாளி வந்து போய்டட்டும். ராவுக்கு நானே பதமா சொல்றேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் வெற்றி கதவோரமாக ஒதுங்கினான். முதலாளி கண்ணில் படாமல் இருக்க, வலது கையை லுங்கி மடிப்புக்குள் செருகி மறைத்துக்கொண்டான்.

பவானி அந்தக் கையையே பார்த்தாள். தப்புச் செய்தவள் அவள், மறைத்தவள் அவள். கூசிப்போய்க் கையை ஒளிக்கிறவன் இவன். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷனின் பின்னால் போய் மண்டி போட்டாள். அவர் காதுப் பக்கம் குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"யோவ்! வெற்றி அன்னிக்குக் கத்துனான்யா! நாலு தபா கத்துனான்! அவன் குடிக்கல! உனக்குத்தான் காது கேக்கல! அத்த நான் தெரிஞ்சே மறைச்சேன்!"

குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் நின்றது. வினிதா வாயைப் பொத்திக்கொண்டாள். படியேறி வந்த செருப்புச் சத்தம் பாதியில் நின்றுவிட்டது.

திருமுருகன் மெல்லத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"மெதுவாச் சொல்லுமே" என்றார். "ஊருக்கே கேக்கப் போவுது."

பவானி எழுந்து போய்க் கதவை அகலமாகத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து, இன்னொரு தடவை, முன்னைவிடச் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.